கிண்ணத்தின் அடியில் தங்கும் மாவு

அன்பு மகளுக்கு,

தபாலில் போட்டால் பண்டிகை முடிந்த பிறகுதான் லண்டன் வந்து சேரும் என்பதால் மின்னஞ்சலில் எழுதுகிறேன். நம் யூத விளக்குத் திருநாளான ஹனுக்காவின் முதல் இரவில் நீ தனியாக விளக்கேற்றி, உருளைக்கிழங்குத் துருவலைத் தட்டிப் பொரிக்கும் லட்கே எண்ணெயில் உதிர்ந்துபோயிற்று என்று தொலைபேசியில் அழுதாய். அந்தக் குரல் என்னைத் தூங்கவிடவில்லை. இன்னும் ஏழு இரவுகள் இருக்கின்றன, கண்ணே. நாளைக்கே மறுபடி செய்.

முதலில் கிழங்கு. சாலட்டுக்கு விற்கும் வழவழப்பான சிறு கிழங்கை நீ வாங்கியிருப்பாய் என்று நினைக்கிறேன். லட்கேவுக்கு மாவுப் பதமான கிழங்கு வேண்டும். இங்கே புரூக்ளினில் நாம் வாங்கும் ரசெட் அங்கே கிடைக்காவிட்டால் மாரிஸ் பைப்பர் கேட்டு வாங்கு. ஒரு கிலோவுக்குப் பெரிய வெங்காயம் ஒன்று. இரண்டையும் மாற்றி மாற்றித் துருவு. வெங்காயச் சாறு பட்டால் கிழங்கு சீக்கிரம் கறுக்காது.

இனிமேல் சொல்வதை நிதானமாகப் படி. துருவியதை மெல்லிய பருத்தித் துணியில் கட்டி, ஒரு கிண்ணத்தின் மேல் பிடித்து, கை வலிக்கும்வரை பிழி. அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதே. பத்து நிமிடம் அசைக்காமல் வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு படியும். மேலே நிற்கும் நீரை மெல்லச் சாய்த்துவிட்டு, அந்த மாவைச் சுரண்டிக் கிழங்கிலேயே சேர்த்துவிடு. உன் லட்கேயைப் பிடித்துவைப்பது அதுதான். உன் பாட்டி அதை விரலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பாள். பிறகு 2 முட்டை, 3 மேசைக்கரண்டி மட்சா மாவு (புளிக்காத மட்சா ரொட்டியைப் பொடித்தது), உப்பு, தாராளமாக மிளகுத்தூள். மட்சா மாவை அள்ளிக் கொட்டினால் லட்கே கனத்துவிடும். கலந்ததும் பொரிக்கத் தொடங்கு. வைத்திருந்தால் மறுபடி நீர் விடும்.

எண்ணெய்க்குக் கஞ்சத்தனம் வேண்டாம். அன்று எருசலேம் ஆலயத்தில் ஒரு நாளுக்கான எண்ணெய் எட்டு நாள் எரிந்ததைத்தானே கொண்டாடுகிறோம்! இரும்பு வாணலியில் அரை விரற்கடை உயரத்துக்கு ஊற்றி, ஒரு துருவலைப் போட்டால் உடனே சடசடக்கும் அளவுக்குக் காயவிடு. நான்கு லட்கேக்கு மேல் ஒரே ஈட்டில் போடாதே, சூடு இறங்கிவிடும். ஓரம் பொன்னிறமானதும் ஒரே ஒரு முறை திருப்பு. காகிதத்தில் அடுக்காமல் கம்பித் தட்டில் வை, மொறுமொறுப்பு நிற்கும்.

பாட்டி பிறந்த லித்துவேனியாவில் ஆலிவ் எண்ணெய்க்கு எங்கே போவது? குளிர்காலத் தொடக்கத்தில் வாத்தை அறுத்து, கொழுப்பை உருக்கி, ஒரு பங்கை வசந்தகாலத்துப் பெசாக் பண்டிகைக்கு எடுத்துவைத்துவிட்டு மீதியில் பொரிப்பார்களாம். வாத்துக் கொழுப்பு இறைச்சியோடு சேர்ந்தது. நம் யூத உணவு விதிப்படி அதனுடன் பால் பொருள் சேரக்கூடாது. அதனால் புளித்த கிரீமுக்கு இடமில்லை, ஆப்பிள் கூழ்தான். இன்று நாம் தாவர எண்ணெயில் பொரிப்பதால் எதைத் தொட்டுக்கொண்டாலும் தடையில்லை. ஆனாலும் பாட்டி கடைசிவரை ஆப்பிள் கூழைத்தான் மேசையில் வைத்தாள். நானும் அப்படித்தான். உன் அப்பா கிரீம் கிண்ணத்தைத் தன் பக்கமாக நகர்த்திக்கொள்வது உனக்கு நினைவிருக்கும்.

விளக்கு எரியும் அரைமணி நேரம் நம் வீட்டுப் பெண்கள் வேலை செய்வதில்லை என்பதை மறந்துவிடாதே. ஏற்றுவதற்கு முன்பே பொரித்து முடித்து, சூட்டடுப்பில் வைத்துவிட்டு வந்து உட்கார். பக்கத்து அறைத் தோழியையும் கூப்பிடு. ஒரு கிலோவுக்கு இருபது லட்கே வரும், நீ ஒருத்தி தின்ன முடியாது.

நாளை மூன்று மணிக்குத் தொடங்கு. எனக்கு இங்கே காலை பத்து மணி, அடுப்படியில்தான் இருப்பேன். முதல் லட்கேயைப் போடும்போது தொலைபேசியை வாணலி அருகே பிடி. அந்தச் சத்தத்தைக் கேட்டே எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று சொல்லிவிடுவேன்.

முத்தங்களுடன்,
அம்மா