ரேஞ்சுக்குக் கூட்டிப் போகும் முன்: டெக்சஸ் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

டெக்சஸில் உள்ள தமிழ்ச் சங்கங்களின் செயற்குழுவில் இருக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும்,

வணக்கம். போன வாரம் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நோட்டீஸ் வந்தது. தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு இளைஞர் உலா. காலையில் கிரிக்கெட், மதியம் பிரியாணி, சாயங்காலம் துப்பாக்கி சுடும் ரேஞ்ச். தலைக்கு 40 டாலர், தோட்டா செலவு தனி. கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். கை தூக்கியவர்களில் பாதிப் பேருக்கு மேல் எஃப்-1 (மாணவர்), ஹெச்-1பி (வேலை) விசாவில் இருப்பவர்கள். இவர்கள் ரேஞ்சில் துப்பாக்கி பிடித்தாலே அது மத்தியச் சட்டப்படி குற்றமாகலாம். அதனால்தான் இந்த மடல்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இப்படி ஒரு கும்பலோடு போனவன்தான். கவுண்டரில் இருந்த பையன் டிரைவிங் லைசென்ஸைப் பார்த்துவிட்டு ஒரு டேப்லெட்டை நீட்டினான். விரலால் தள்ளிக்கொண்டே போனேன். குடியேறாதோர் விசாவில், அதாவது மாணவர், வேலை, சுற்றுலா போன்ற தற்காலிக விசாவில் வந்தவரா என்று ஒரு கேள்வி. பின்னால் நின்ற நண்பர் எட்டிப் பார்த்து, "நோ போடு மச்சி, எல்லாரும் அதான் போடுறாங்க" என்றார். எனக்குக் கை வரவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, இயந்திரத்தில் பிடித்த கசப்புக் காபியைக் குடித்துக்கொண்டு அவர்கள் சுடுவதைப் பார்த்தேன். பயந்தாங்கொள்ளி என்ற பட்டம் அடுத்த தீபாவளி வரைக்கும் ஓடியது.

நம் ஆட்களையும் குறை சொல்ல முடியாது. ஊரில் நமக்குத் தெரிந்த துப்பாக்கி மெரினாவில் பலூன் சுடுகிற துப்பாக்கிதான். இங்கே வந்தால், 2021 செப்டம்பரிலிருந்து டெக்சஸில் 21 வயதானவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியோடு வெளியே போகலாம் என்கிறார்கள். அந்தச் சட்டத்துக்குள்ளேயே, துப்பாக்கி வைத்திருக்கத் தடை இல்லாதவருக்கு மட்டும் என்று ஒரு வரி இருக்கிறது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அந்தத் தடை மத்தியச் சட்டத்தில் இருக்கிறது: அமெரிக்கச் சட்டத்தொகுப்பு 18, பிரிவு 922. ஆவணம் இல்லாமல் இருப்பவர்களோடு, குடியேறாதோர் விசாவில் வந்தவர்களும் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக்கூடாது. நம்மை இதில் சேர்த்தது 1998இல். அதற்கு முந்தைய வருஷம், சுற்றுலா விசாவில் வந்த ஒருவர் ஃபுளோரிடாவில் துப்பாக்கி வாங்கி, நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் சுட்டார். ஒருவர் இறந்தார், பலருக்குக் காயம், கடைசியில் தன்னையும் சுட்டுக்கொண்டார். அதன் பின்விளைவு இன்றைக்கு ஹெச்-1பிகாரர் வரைக்கும் நீள்கிறது. கிரீன் கார்டு வரிசையில் பத்து வருஷம் நின்று, வீடு வாங்கி, பிள்ளை மூன்றாம் வகுப்புக்குப் போனாலும் இந்தச் சட்டத்துக்கு நாம் வந்துபோகிற விருந்தாளிதான். இது நியாயமா என்று கேட்டால் எனக்கும் கோபம் வரும். ஆனால் அந்தக் கோபத்தை ரேஞ்சில் போய்க் காட்ட முடியாது.

வாடகைத் துப்பாக்கிதானே, ஒரு மணி நேரம்தானே என்பீர்கள். ஃபுளோரிடாவில் மாணவர் விசாவில் வந்த ஒரு பையன், கல்லூரி நீக்கிய பிறகு ரேஞ்சில் இரண்டு துப்பாக்கி சுட்டுப் பார்த்தான். வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. தன் குடியேற்ற நிலை அவனுக்குத் தெரியும் என்று அரசு நிரூபிக்க வேண்டும் என 2019இல் தீர்ப்பு வந்தது. நல்ல தீர்ப்புதான், ஆனால் நமக்குப் பெரிதாக உதவாது. நாம் ஹெச்-1பி என்பது நமக்குத் தெரியாதா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும், இங்கே தங்கும் காலத்தைச் சொல்லும் ஐ-94 பதிவு எப்போது முடிகிறது என்று சொல்லுவோம்.

தண்டனை முன்பு 10 ஆண்டு வரை இருந்தது, 2022இல் 15 ஆக்கினார்கள். தெரிந்தே துப்பாக்கியைக் கொடுப்பவருக்கும் அதே 15தான். ஆகவே கிரீன் கார்டோ குடியுரிமையோ உள்ள அண்ணன் ஒருவர், தன் துப்பாக்கியை விசாக்காரத் தம்பியிடம் கொடுத்து "ஒரு தடவை சுட்டுப் பாரு" என்றால் மாட்டுவது இரண்டு பேரும். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டு இருந்தாலும் நாடு கடத்த வழி உண்டு. மனைவி குடிமகள், அவர் பெயரில் வாங்கி அலமாரியில் வைக்கலாம் என்பதும் ஆபத்தான யோசனை. எட்டி எடுக்கிற இடத்தில் தெரிந்தே இருந்தால் அதையும் வைத்திருப்பதாகக் கணக்கிடலாம்.

சரி, வழியே இல்லையா? இருக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருக்கும் விசாக்காரருக்கு மத்தியச் சட்டமே விலக்கு தருகிறது. மான் பக்கமே போகாத நம் ஆட்கள் சிலர் இதற்காகவே வேட்டை உரிமம் வாங்குவது இந்த நாட்டின் வேடிக்கைகளில் ஒன்று. டெக்சஸ் உரிமம் ஆகஸ்ட் 31உடன் முடிந்துவிடும். போன வருஷத்து உரிமத்தைப் பர்ஸில் வைத்துக்கொண்டு நவம்பரில் போனால் பிரயோஜனம் இல்லை. ஆவணம் இல்லாதவருக்கோ, நிலை காலாவதியானவருக்கோ இந்த விலக்கு உதவாது.

அப்புறம், ஒரு மாநிலத்தில் கேட்டதை இன்னொன்றில் நம்பக்கூடாது. சியாட்டல் பக்கம் போனால், கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவருக்கு வாஷிங்டன் மாநிலம் தனியாக ஒரு துப்பாக்கி உரிமம் வைத்திருக்கிறது, ஷெரிஃபிடம் வாங்க வேண்டும். இல்லினாயில் துப்பாக்கி வைத்திருப்பவருக்கான தனி அடையாள அட்டை இல்லாமல் சொந்தமாக வைத்துக்கொள்ளவே முடியாது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ரேஞ்ச் நிகழ்ச்சி நோட்டீஸில், விசாவில் இருப்பவர்கள் நடப்பு வேட்டை உரிமம் இல்லாமல் வரவேண்டாம் என்று ஒரு வரி, தமிழில், கொட்டை எழுத்தில் போடுங்கள். ஆகஸ்டில் புது மாணவர்களுக்கு வங்கிக் கணக்கும் சிம் கார்டும் சொல்லித் தருகிற கூட்டத்தில் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பத்து நிமிஷம் பேச வையுங்கள். துப்பாக்கியோடு எடுத்த குழுப் படங்களைச் சங்கத்தின் முகநூல் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அதில் சிரித்துக்கொண்டு நிற்கும் பையன்களில் மூன்று பேருக்கு இன்னும் ஹெச்-1பி விசாவுக்கு ஆள் எடுக்கிற லாட்டரிகூட விழவில்லை.

இந்தத் தடவை ரேஞ்சுக்குப் பதில் பௌலிங் போகலாமே. பிரியாணிக்கு என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டு பேர்.

அன்புடன்,
டாலஸிலிருந்து ஒரு ஹெச்-1பிகாரன்