சேகருக்கு, ஷ்ரூஸ்பரியில் வீடு பார்க்கும் முன்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மாற்றல் உறுதியாகிவிட்டது என்று படித்ததும் உடனே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். லண்டன் ஹாரோவை விட்டுக் கிளம்ப சுமதிக்கு மனமில்லை என்கிறாய். நியாயம்தான். கோயில், தமிழ்க் கடை, தெரிந்த முகங்கள் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இடம் அது. இங்கே ஷ்ரூஸ்பரியில் ஊர் மொத்தமும் முக்கால் லட்சம் பேர்தான். நல்ல முருங்கைக்காய் வேண்டுமென்றால் நான் பர்மிங்ஹாமுக்குத்தான் போகிறேன், ரயிலில் ஒரு மணி நேரம். இதை இப்போதே சொல்லி வை, பிறகு என் தலையை உருட்டாதீர்கள்.

சரி, வீட்டு விஷயம். நீ அனுப்பிய பட்டியலில் விலை, பள்ளிக்கூடம், ரயில் நிலையத்துக்கு எவ்வளவு தூரம் என்று எல்லாம் இருக்கிறது. ஆற்றிலிருந்து வீடு எவ்வளவு மேடு என்பது மட்டும் இல்லை. இந்த ஊரில் முதலில் கேட்க வேண்டியதே அதைத்தான்.

செவர்ன் ஆறு பழைய நகரத்தை ஏறக்குறைய முழுசாகச் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. நடுவில் மேடு, வடகிழக்கில் மட்டும் குறுகலாக ஒரு தரைவழி. அந்த வழியை மறித்தாற்போல் கோட்டை, அதன் அடியில் ரயில் நிலையம். கிழக்கே இங்கிலீஷ் பாலம், மேற்கே வெல்ஷ் பாலம். காலை நேரத்தில் இரண்டிலும் வண்டிகள் நகராது. இங்கிலீஷ் பாலத்தைத் தாண்டி வைல் காப் என்ற சரிவில் ஏறிப் பார், கடைகளும் மரச்சட்ட வீடுகளும் ஏன் அங்கே மேலே போய் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன என்று கால்வலியே சொல்லிவிடும்.

வெள்ளத்தைப் பற்றி ஒன்று தெரிந்துகொள். இங்கே ஆறு பெருக இங்கே மழை பெய்ய வேண்டியதில்லை. வேல்ஸ் மலைகள் மழை மேகத்தை வழியிலேயே பிழிந்துவிடுவதால் இந்தச் சமவெளியில் ஆண்டுக்கு 650, 700 மில்லிமீட்டர்தான் பெய்கிறது. செவர்ன் பிறக்கும் பிளின்லிமன் மலையில் 2000 மில்லிமீட்டருக்கும் மேல். அந்தத் தண்ணீரும், ஊருக்கு மேலே வந்து சேரும் வெர்ன்வி ஆற்றின் தண்ணீரும் ஒன்றாக இறங்கி வருவதற்குள் இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மொட்டை வெயிலில் ஃப்ராங்க்வெல் கார் பார்க் தண்ணீருக்குள் போவதை முதல்முறை பார்க்கிறவர்கள் நம்பவே மாட்டார்கள்.

ஃப்ராங்க்வெல், வெல்ஷ் பாலத்துக்கு அந்தப் பக்கம். 2000ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் தண்ணீர் திரும்பத் திரும்ப வந்து படுத்தியது. அதன் பிறகுதான் 2003இல் அங்கே தடுப்பு கட்டி முடித்தார்கள். எச்சரிக்கை வந்ததும் ஆட்கள் வந்து கம்பங்களை நட்டு, நடுவே அலுமினியப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகுவார்கள். தண்ணீர் வடிந்ததும் கழற்றி எடுத்துப் போய்விடுவார்கள். ஃப்ராங்க்வெல்லுக்கு மேலே மேட்டில் இருக்கும் மவுண்ட் என்ற வீட்டில்தான் 1809இல் சார்லஸ் டார்வின் பிறந்தார். கட்டியவர் அவருடைய அப்பா, டாக்டர். இடம் பார்க்கத் தெரிந்த மனுஷன்.

உன் பட்டியலில் கோல்ஹம் வீடு மலிவாக இருப்பதன் காரணம் இப்போது புரிந்திருக்கும். ரீ ஓடை ஆற்றில் கலக்கும் பக்கம் அது. 2020 பிப்ரவரியில் அங்கே வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. அபி ஃபோர்கேட்டிலும் தாழ்வான பகுதிகள் உண்டு. 2009க்கு முன் கட்டிய வீடென்றால் வெள்ளக் காப்பீட்டுக்கு ஃப்ளட் ரீ (Flood Re) என்ற திட்டம் கைகொடுக்கும், அதற்குப் பிந்திய வீட்டுக்குக் கிடையாது. விற்பவர் இதையெல்லாம் தானாகச் சொல்லமாட்டார்.

கோல்ஹமை ஒட்டியே கொஞ்சம் ஏறினால் பெல் வியூ. விக்டோரியா காலத்து வீடுகள், ஊருக்குள் நடந்தே போய்விடலாம். என்னைக் கேட்டால் உங்களுக்கு அதுதான் சரி. கிங்ஸ்லாந்து இன்னும் உயரம், விலையும் அப்படித்தான், அதை விடு. கேஸல்ஃபீல்ட்ஸ் ரயிலுக்கு வசதி, ஆனால் அணைப்பக்கம் இறங்கும் தெருக்களில் ஜாக்கிரதை. ஹார்ல்ஸ்காட்டில் பெரிய கடைகளும் தொழிற்பேட்டையும்தான், மனசுக்கு ஒட்டவில்லை. வழியில் டிதரிங்டனில் 1797இல் கட்டிய, ஆளிச்செடி நாரை (லினன்) நூற்கும் பழைய ஆலை ஒன்று நிற்கிறது. உலகிலேயே முதன்முதலாக இரும்புச் சட்டகத்தில் எழுப்பிய கட்டடம் அது. உன் போன்ற சிவில் எஞ்சினியர் அங்கேயே அரை நாள் நின்றுவிடுவாய்.

உன் பையன் கால்பந்து பைத்தியம் என்பதால் ஒரு கதை. ஊர் அணியின் பழைய மைதானம் ஆற்றங்கரையிலேயே இருந்தது. பந்து ஆற்றில் விழுந்தால் ஒருவர் பரிசலில் போய் எடுத்து வருவாராம்! 2007இல் மைதானத்தை மீல் பிரேஸுக்கு மாற்றிவிட்டார்கள்.

அம்மாவுக்குக் குளிர் தாங்குமா என்று கேட்டிருந்தாய். மழையை விட உறைபனிதான் இங்கே படுத்தும். கடலிலிருந்து தள்ளி இருக்கும் சமவெளி, தெளிவான இரவுகளில் குளிர்காற்று வந்து தேங்கிவிடும். இங்கிலாந்திலேயே மிகக் குறைந்த வெப்பநிலை இதே ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில்தான் பதிவானது: நியூபோர்ட் அருகே, 1982 ஜனவரி 10, மைனஸ் 26.1 டிகிரி. அதைக் கேட்டுப் பயப்படாதே, அப்படி தினமும் வராது. ஆனால் வீடு பார்க்கும்போது ஜன்னல் இரட்டைக் கண்ணாடியா, பாய்லர் எத்தனை வருடப் பழசு என்று கேள்.

அடுத்த மாதம் வரும்போது காரை ஊருக்குள் கொண்டுவராதே. மீல் பிரேஸ் பார்க் அண்ட் ரைடில் விட்டுவிட்டு பஸ் ஏறு, நான் இறங்குமிடத்தில் நிற்கிறேன். சுமதியையும் கூட்டி வா. அவள் பார்க்காமல் எந்த வீட்டுக்கும் முன்பணம் கொடுத்துவிடாதே. அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
சிவா