கப்பல்ல போறியா, இதைப் படிச்சுட்டு பெட்டி கட்டு

கண்ணு,

நேத்து போன்ல "கப்பல் டிக்கெட் போட்டாச்சும்மா, 7 நாள்"னு நீ சொன்னப்ப சந்தோஷமாதான் இருந்துச்சு, அப்புறம் யார் யாரு வர்றாங்கன்னு நீ சொல்லச் சொல்ல எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு. ஒன்றரை வயசுல ஒண்ணு, 13 வயசுல ஒண்ணு, முட்டி வலியோட 74 வயசு சம்பந்தியம்மா, கார்ல பின்சீட்டுல உக்காந்தாலே குமட்டுற மாப்பிள்ளை, இத்தனை பேருக்கும் நடுவுல நீ. இதுல ஒருத்தர் கூட கப்பல் ஏறினதில்ல. போன்ல சொல்லலாம்னா சின்னவ போனைப் புடுங்கிடுறா, அதான் உக்காந்து டைப் பண்றேன். நீளமா இருக்கேன்னு சலிச்சுக்காத, ராத்திரி அவ தூங்கினப்புறம் படி.

முதல்ல கேபின். நம்பர் பின்னாடி அவங்களே குடுப்பாங்களாம், அதான் விலை கம்மின்னு சொன்னியே, அது புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேரு போனா சரி. உங்களுக்கு ரெண்டு கேபின் வேணும், ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வரும்னு யாரும் உத்தரவாதம் குடுக்க மாட்டாங்க, ஒண்ணு இந்தக் கோடி ஒண்ணு அந்தக் கோடின்னு வந்துட்டா நடந்தே காலு போயிடும். டைட்டானிக் 269 மீட்டர் நீளம், 2024ல ஓட ஆரம்பிச்ச ஐகான் ஆஃப் தி சீஸ்ங்கிற கப்பல் 365 மீட்டர், நீங்க போறது அதைவிட சின்னதாவே இருக்கட்டும், அந்த முட்டிய வச்சுக்கிட்டு ஒவ்வொரு வேளைக்கும் சம்பந்தியம்மா அந்த வராண்டாவ அளக்க முடியுமா சொல்லு. கொஞ்சம் காசு கூடக் கட்டினா இடத்தை நாமளே பாத்து எடுத்துக்கலாம், கேட்டுப் பாரு. சீசா பலகைல ரெண்டு முனையும்தானே தூக்கிப் போடும், நடுவுல பெருசா அசைவு இருக்காது, கப்பலும் அதே மாதிரிதான், நடுவுல, கீழ் டெக்கா பாத்து எடுத்தா மாப்பிள்ளை தப்பிச்சாரு. லிஃப்ட்டுக்கு நேர் எதிர்ல வேண்டாம், நாலு கதவு தள்ளி. இன்னொண்ணு, தலைக்கு மேலயும் காலுக்கு கீழயும் என்ன இருக்குன்னு டெக் ப்ளான்ல பாரு, கப்பலோட ஒவ்வொரு மாடிலயும் என்ன இருக்குன்னு காட்டுற படம் அது. நாங்க ரெண்டாவது தடவை போனப்ப மேல ஸ்விம்மிங் பூல், விடியறதுக்கு முன்னாடியே நாற்காலிய தரதரன்னு இழுக்குற சத்தம், ஏழு நாளும் அதான் எனக்கு அலாரம். மேலயும் கீழயும் கேபினா இருந்தா நிம்மதி.

பால்கனி வேணுமான்னு கேட்டல்ல, சின்னவளோட நீ இருக்கிற கேபினுக்கு மட்டும் எடு. மத்தியானம் அவ தூங்குறப்ப நீ இருட்டுல உக்காந்திருக்க வேண்டாம், கதவுக்கு அந்தப் பக்கம் உக்காந்து கடலப் பாக்கலாம். ஆனா பால்கனி கதவு எப்பவும் பூட்டியிருக்கணும், நாற்காலி கம்பிப் பக்கத்துல இருக்கவே கூடாது, அவ ஏறுற வயசு. சம்பந்தியம்மாவும் பெரியவனும் உள்பக்க கேபின்லயே இருக்கலாம், என்ன, அதுல ஜன்னல் கிடையாது, லைட்ட அணைச்சா ராத்திரி பகல் தெரியாத கும்மிருட்டு, பாத்ரூம் வாசல்ல வேற ஒரு படி மாதிரி தூக்கலா இருக்கும், தெரியாம இடறினா அவ்ளோதான். ராத்திரி எரியுற குட்டி லைட் ஒண்ணு, பேட்டரில ஓடுறதா வாங்கி வச்சுக்கோ. காந்தக் கொக்கி நாலு எடுத்துக்கோ, கேபின் சுவரு இரும்புதான், தொப்பி, பை, ஈரத்துணி எல்லாம் மாட்டலாம், நான் சொன்னா சிரிப்பே, போய்ப் பாத்துட்டு சொல்லு.

பாஸ்போர்ட் எல்லாத்தையும் இன்னைக்கே எடுத்துப் பாரு. திரும்பி வர்ற தேதிலேந்து இன்னும் 6 மாசமாவது செல்லணும், பல இடத்துல அதைத்தான் கேப்பாங்க. விசாலதான் நிறைய பேரு ஏமாந்து போறாங்க, ஒரு நாட்டுலேந்து கப்பல் கிளம்பி நடுவுல வேற நாட்டுக்குப் போய்ட்டு திரும்ப அதே துறைமுகத்துக்கு வந்தா அது ரெண்டாவது தடவை நுழையற மாதிரி, ஒரு தடவை மட்டும் நுழையற விசா வச்சிருந்தா ஏறவே விட மாட்டாங்க. அப்புறம் கப்பல் கிளம்புற ஊருக்கு அன்னைக்குக் காலைல ஃப்ளைட்ல போய் இறங்கலாம்னு மாப்பிள்ளை கணக்குப் போடுவாரு, ஒத்துக்காத. முந்தின நாளே போய் தங்குங்க. ஃப்ளைட் லேட்டானா கப்பல் உங்களுக்காக நிக்காது.

இப்ப பெட்டிக் கதை. முதல் தடவை நாங்க பண்ணின கூத்து உனக்கு முழுசா தெரியாது, அப்பாவுக்கு அதை சொன்னா இன்னமும் கோவம் வரும். துறைமுகத்துல பெரிய பெட்டியெல்லாம் வாங்கிக்குவாங்க, அது ஸ்கேன் ஆகி, கேபின் வாசலுக்கு வர சாயங்காலம், சில சமயம் ராத்திரி கூட ஆயிடும். நான் சட்டை கசங்கிடுமேன்னு அயர்ன் பாக்ஸ் ஒண்ண அடில வச்சுட்டேன். கப்பல்ல நெருப்புதான் பெரிய பயம், அதனால அயர்ன் பாக்ஸ், கெட்டில், மெழுகுவத்தி, சர்ஜ் ப்ரொடெக்டர் வச்ச எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதையும் விட மாட்டாங்க, எனக்கு அது எங்க தெரியும். எல்லாரு பெட்டியும் வந்துடுச்சு, எங்களது வரல. ராத்திரி ஒன்பது மணிக்குப் போய் விசாரிச்சா பெட்டிய செக்யூரிட்டில புடிச்சு வச்சிருக்காங்க, அந்தப் பெட்டிக்குள்ளதான் அப்பாவோட ப்ரஷர் மாத்திரை. அயர்ன் பாக்ஸ எடுத்துக்கிட்டு மிச்சத்தைக் குடுத்தாங்க, அதுக்குள்ள எனக்கு ப்ரஷர் ஏறிடுச்சு. அதனால மருந்து, பாஸ்போர்ட், சார்ஜர், எல்லாருக்கும் ஒரு மாத்துத் துணி, சின்னவளுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய டயப்பர், இதெல்லாம் தோள்ல மாட்டுற பைல, அந்தப் பைய யாரு கேட்டாலும் குடுக்காத. ஏறின உடனே கேபினும் தயாரா இருக்காது, மத்தியானம் வரைக்கும் கையில இருக்கிறத வச்சுதான் ஓட்டணும்.

டயப்பர் மொத்தக் கணக்கையும் வீட்டுலயே போட்டுக் கொண்டு போயிடு, கப்பல் கடைல இருந்தா உண்டு, இல்லேன்னா இல்ல. தொட்டில் வேணும்னு முன்கூட்டியே எழுதி வாங்கிடு. ஒரு விஷயத்துக்கு மனச தயார் பண்ணிக்கோ, டயப்பர் போடுற குழந்தைய பெரும்பாலான கப்பல்ல பூல்ல இறக்க விட மாட்டாங்க, நீச்சல் டயப்பர் போட்டாலும் சரி. சில கப்பல்ல குட்டிங்களுக்குன்னு தனியா தண்ணி விளையாட இடம் இருக்கும், உங்க கப்பல்ல இருக்கான்னு கேளு. கிட்ஸ் க்ளப்பும் பல இடத்துல 3 வயசு ஆகி, தானா பாத்ரூம் போறவங்களுக்குதான். அதனால சின்னவ பொழுதுக்கும் உங்க கையிலதான், நீயும் மாப்பிள்ளையும் முறை போட்டுக்குங்க, அதை ஏறுறதுக்கு முன்னாடியே பேசி முடிவு பண்ணுங்க, ஏறினப்புறம் பேசினா சண்டைல முடியும்.

பெரியவன முதல் நாள் ராத்திரியே டீன் க்ளப்புக்கு அனுப்பிடு, வெக்கப்படுவான், தள்ளி விடு. முதல் நாளே பசங்க கூட்டு சேந்துடுவாங்க, மூணாவது நாள் போனா தனியா நிப்பான். ரெண்டே கண்டிஷன் போடு, யாரோட கேபினுக்குள்ளயும் போகக் கூடாது, சாயங்கால சாப்பாட்டுக்கு சொன்ன நேரத்துக்கு வந்துடணும். கப்பல்ல குடுக்குற அவன் கார்டு உன் கணக்குல சேந்திருக்கும், கேம்ஸ் கடைல தேச்சுக்கிட்டே இருப்பான், கெஸ்ட் சர்வீஸ்ல சொன்னா லிமிட் வச்சுக் குடுப்பாங்க. போனெல்லாம் ஏறின உடனே ஏர்ப்ளேன் மோட்ல போட்டுட்டு கப்பல் வைஃபைல மட்டும் இருக்கட்டும், நடுக்கடல்ல போன் தானா சாட்டிலைட் நெட்வொர்க்க புடிச்சுக்கிச்சுன்னா பில்லப் பாத்து மயக்கம் வரும்.

மாப்பிள்ளைகிட்ட சொல்லு, குமட்டல் மாத்திரை வாந்தி வந்தப்புறம் போட்டு பிரயோஜனம் இல்ல, கப்பல் ஆடுறதுக்கு முன்னாடியே போடணும், தூக்கம் வரும், பரவால்ல. வெறும் வயித்தோட இருக்கக் கூடாது. தலை சுத்தினா கேபினுக்குள்ள போய் போனப் பாத்துக்கிட்டு படுக்காம வெளிய வந்து தூரத்துல கடலும் வானமும் சேர்ற கோட்டப் பாக்கணும், இஞ்சி மிட்டாய் வாயில அடக்கிக்கலாம். அதே மாத்திரைய சம்பந்தியம்மாவுக்கு நீயா எடுத்துக் குடுத்துடாத, கண்ணுல ப்ரஷர், யூரின் தொந்தரவு இருக்கிற பெரியவங்களுக்கு சில மாத்திரை ஆகாது, டாக்டர்கிட்ட கேட்டுட்டு வா.

அவங்க விஷயம் இன்னும் கொஞ்சம் இருக்கு. வீல் சேர் வேணும்னு முன்னாடியே சொல்லி வை, கௌரவம் பாத்து வேண்டாம்பாங்க, துறைமுகத்துல வரிசைய பாத்தப்புறம் அவங்களே உக்காந்துடுவாங்க. எந்தெந்த ஊர்ல கப்பல் கரையோரமா நிக்கும், எங்க கரைக்குத் தள்ளி கடல்ல நின்னு சின்ன போட்ல இறக்குவாங்கன்னு பாத்து வச்சுக்கோ, டெண்டர்னு போட்டிருக்கும். அந்த போட் அலைல மேலயும் கீழயும் போகும், காலெடுத்து வைக்கிறது அவங்களுக்கு சிரமம், அன்னைக்கு அவங்க கப்பல்லயே இருக்கட்டும். பாவம் தனியா விட்டுட்டு போறோமேன்னு நினைக்காத, எல்லாரும் இறங்கிட்டா கப்பல் எவ்ளோ அமைதியா இருக்கும் தெரியுமா, நெழல்ல ஒரு நாற்காலி, கையில காப்பி, அவங்களுக்கு அதுதான் டூர். மருந்து அஞ்சாறு நாளைக்கு கூடுதலா, சீட்டோட. கப்பல்ல டாக்டர் உண்டு, ஆனா எல்லாம் காசு, வீட்டுல இருக்கிற ஹெல்த் இன்சூரன்ஸ் அங்க செல்லுமோ செல்லாதோ, அதனால ட்ராவல் இன்சூரன்ஸ் எடு. அவசரத்துக்கு கரைக்குக் கொண்டு போற செலவும் அதுல இருக்கான்னு படிச்சுப் பாத்து எடு, ஹெலிகாப்டர் வர்ற அளவுக்குப் போனா வீட்ட வித்தாலும் கட்ட முடியாது.

ஏறின அன்னைக்கு மஸ்டர் ட்ரில்னு ஒண்ணு வைப்பாங்க, ஆபத்துன்னா எங்க வந்து நிக்கணும்னு காட்டுறது, ஏழு சின்ன ஊதல், ஒரு நீள ஊதல் வந்தா அங்க போகணும். இப்பல்லாம் பல கப்பல்ல வீடியோவ பாத்துட்டு அந்த இடத்துக்குப் போய் கார்ட காட்டிட்டு வந்தா போதும். விளையாட்டா எடுத்துக்காதீங்க. 2012ல கோஸ்டா கான்கார்டியாங்கிற கப்பல் பாறைல மோதி 32 பேரு போயிட்டாங்க, அன்னைக்கு ஏறினவங்க நிறைய பேருக்கு இன்னும் ட்ரில்லே நடக்கல, அப்ப 24 மணி நேரத்துக்குள்ள வச்சா போதும்னுதான் ரூல் இருந்துச்சு, அதுக்கப்புறம்தான் கிளம்புறதுக்கு முன்னாடியே, இல்ல கிளம்பின உடனே வைக்கணும்னு மாத்தினாங்க. சின்னவ சைஸுக்கு லைஃப் ஜாக்கெட் கேபின்ல இருக்கான்னு பாரு, இருக்காது, கேபின கவனிச்சுக்கிற ஸ்டூவர்ட்கிட்ட கேட்டா கொண்டு வருவாரு.

கைய சோப்பு போட்டு கழுவ வை எல்லாரையும், சாப்பாட்டுக்கு முன்னாடி. வாசல்ல சானிடைசர் தெளிப்பாங்க, வாந்திபேதிய பரப்புற நோரோவைரஸுக்கு அது சரியா கேக்காது, சோப்பும் தண்ணியும்தான்.

கரைல இறங்குறப்ப கப்பல் நேரம் என்ன, ஊர் நேரம் என்னன்னு பாத்துக்கோ, ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல, போன் தானா ஊர் நேரத்துக்கு மாறிடும், அதை நம்பினா மோசம். கப்பல்காரங்க ஏற்பாடு பண்ணின டூர் லேட்டானா காத்திருப்பாங்க, நீங்களா டாக்சி புடிச்சு போனா காத்திருக்க மாட்டாங்க. ஒரு தடவை நாங்க மேல் டெக்ல நின்னுக்கிட்டிருந்தோம், ஒரு புருஷன் பொண்டாட்டி பையத் தூக்கிக்கிட்டு ஓடி வர்றாங்க, அதுக்குள்ள கயித்த அவுத்துட்டாங்க. மேல நிக்கிற கூட்டம் கைதட்டுது, அப்பாவும் சேந்து தட்டுறாரு, எனக்கு அந்தம்மா முகத்தப் பாக்க முடியல. சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துடுங்க.

காசு விஷயம், டிப்ஸ்னு ஆளுக்கு இவ்ளோன்னு தினமும் தானா கணக்குல ஏறும், குழந்தைக்கும் சேத்துதான் பல இடத்துல, அதை முதல்லயே பட்ஜெட்ல சேத்துக்கோ. டெபிட் கார்ட குடுக்காத, செலவு பண்றதுக்கு முன்னாடியே ஒரு தொகைய புடிச்சு வச்சுக்குவாங்க, கிரெடிட் கார்டே நல்லது. கூல்ட்ரிங்க்ஸ் பேக்கேஜ் உங்களுக்குத் தேவையே இல்ல.

இத்தனையும் எழுதிட்டு ஒண்ண சொல்லாம விட்டா எனக்கே தாங்காது. முதல் தடவை அப்பா எல்லாரையும் காலைலேந்து ராத்திரி வரைக்கும் ஒண்ணாவே இழுத்துக்கிட்டுத் திரிஞ்சாரு, காசு கட்டியிருக்கோம் எல்லாத்தையும் பாக்கணும்னு, உன் தம்பி அழுதான், பாட்டிக்கு காலு வீங்கிடுச்சு, நான் மூணு நாள் யாரு எங்க இருக்காங்கன்னு தலைய எண்ணிக்கிட்டே கழிச்சேன், கடலயே பாக்கல. நீ அப்டி பண்ணாத. ராத்திரி சாப்பாடு மட்டும் எல்லாரும் ஒரே மேஜைல, மத்த நேரம் அவங்கவங்க இஷ்டம். பெரியவன் பசங்களோட, சம்பந்தியம்மா நாற்காலில, ஒரு மணி நேரம் மாப்பிள்ளைகிட்ட சின்னவள குடுத்துட்டு நீ தனியா மேல போய் நில்லு. ஒண்ணும் ஆகாது.

கடைசி ராத்திரி பெட்டிய வாசல்ல வைக்கச் சொல்லுவாங்க, மறுநாள் போட வேண்டிய துணிய எடுத்து வச்சுட்டு வைங்க. அப்பா நைட் பேண்ட்டோட கரை இறங்கினதுக்கு போட்டோ இருக்கு, வந்தா காட்டுறேன். இறங்கினப்புறம் ரெண்டு நாளைக்கு தரை ஆடுற மாதிரியே இருக்கும், பயப்படாத.

இப்ப உடனே போன் பண்ணி கேபின மாத்த முடியுமான்னு கேளு. எந்தெந்த நம்பர் காலியா இருக்குன்னு சொல்றாங்களோ அதை எனக்கு அனுப்பு, நான் டெக் ப்ளான திறந்துதான் வச்சிருக்கேன்.

அம்மா