பருப்பு விலையும் முன்பேர வர்த்தகமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் முன்பேர வர்த்தகத்துக்கு, அதாவது பின்னொரு தேதிக்கான சரக்கின் விலையை இன்றே பேசி முடிக்கும் ஆன்லைன் வியாபாரத்துக்கு, பரிந்துகொண்டு வந்த கட்டுரையில் ஒரு வரி என்னைத் தூங்க விடவில்லை. திரையில் ஓடும் எண்களால் யார் வயிறும் காயாதாம். அதை நீங்களும் அச்சேற்றியதுதான் அதிக வருத்தம்.

விருதுநகர் பக்கம் மளிகைக்கடை நடத்தியவன் நான். 2006-ல் உளுந்து ஏறிய ஏற்றம் இன்னும் கண்ணில் நிற்கிறது. சரக்குக்குப் போன் போட்டால், "ஆன்லைன்ல ஏறியிருக்கு அண்ணாச்சி, நேத்து ரேட்டுக்குக் கட்டாது" என்பார்கள். குடோனில் கிடந்ததோ நேற்றைய அதே மூட்டை. இட்லிக்கடை போட்டிருந்த அக்கா உளுந்தைக் குறைத்து, வெந்தயத்தைக் கூட்டிப் போட்டுச் சமாளித்தார். கூலி வேலைக்குப் போகிறவர்கள் துவரம்பருப்பைக் கால் கிலோவிலிருந்து நூறு கிராமுக்கு இறக்கினார்கள். நிறுத்துக் கொடுத்தவன் நான். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பருப்பை விட்டால் வேறென்ன சத்து?

விவசாயிக்கு லாபம் என்கிறார் கட்டுரையாளர். விலை ஏறும்போது எங்கள் கரிசல்காட்டு விவசாயி வீட்டில் உளுந்து ஏது? கடனை அடைக்கக் களத்திலேயே விற்றிருப்பார். ஒரு மூட்டையைக்கூடத் தொடாமல் விலை வித்தியாசத் தொகையை மட்டும் வாங்கிப் போகிறவர்களுக்குத்தான் லாபம்.

2007 ஜனவரியில் துவரை, உளுந்துக்கும், அடுத்த மாதம் அரிசி, கோதுமைக்கும் இந்த வர்த்தகத்தை நிறுத்தினார்கள். 2021 டிசம்பரில் கொண்டைக்கடலை, பாசிப்பயறு, பாமாயில் உட்பட ஏழு சரக்குகளுக்கு இந்தச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி அமைப்பு தடை போட்டு, அப்புறம் நீட்டித்துக்கொண்டே வந்தது. ஒன்றுமே இல்லாததற்கா இத்தனை தடை?

இந்த வர்த்தகத்தால் விலை ஏறியதா என்று ஆராய மத்திய அரசு போட்ட அபிஜித் சென் குழு முன்பேர வர்த்தகத்தைக் குற்றம் சொல்லவில்லை என்கிறார். சரி. உறுதியாகச் சொல்ல ஆய்வுக்காலம் போதவில்லை என்று அதே அறிக்கை சொன்னதை ஏன் விட்டுவிட்டார்? தடை இருந்தும் 2015-ல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது உண்மைதான். மழை பொய்த்தது, பதுக்கலும் நடந்தது. பற்றாக்குறை வருஷத்தில் சூதாட்டமும் சேர்ந்தால் ஏழை என்ன ஆவான்?

அமெரிக்காவின் 1958 வெங்காயச் சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. சிகாகோவில் இருவர் வெங்காயத்தை வளைத்துப்போட்டு, பிறகு சந்தையில் கொட்டி விவசாயிகளை ஓட்டாண்டியாக்கினார்கள். அந்த விவசாயிகள் கேட்டுத்தான் வெங்காய முன்பேர வர்த்தகத்துக்குத் தடை வந்தது. இன்றும் அமலில் இருக்கிறது.

ரேஷனில் 30 ரூபாய்த் துவரம்பருப்பு மாதக் கடைசிவரை வராதது பற்றி முன்பு எழுதினேன். நீங்கள் போடவில்லை. விருதுநகர் மார்க்கெட் விலைப் பட்டியலையும் எடுத்துவிட்டு அந்த இடத்தைப் பங்குச்சந்தைக்குக் கொடுத்தீர்கள். சென்செக்ஸ் பார்க்கிறவர்கள் மட்டும்தான் உங்கள் வாசகர்களா?

இந்தக் கடிதத்தைப் போடாவிட்டாலும் பரவாயில்லை. பருப்பு, எண்ணெய் விலைப் பட்டியலை வாரம் ஒருமுறையாவது மறுபடி வெளியிடுங்கள். கால் பக்கம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மளிகை வியாபாரி,
விருதுநகர் மாவட்டம்.