உழவாரத் திருப்பணி நிறைவு: உறுப்பினர்களுக்குக் குழுவின் அறிக்கை

மெய்யன்பர்களுக்கு வணக்கம்.

நம் கோயிலின் உழவாரத் திருப்பணி, அதாவது கோயிலைத் தூய்மை செய்யும் பணி, இறையருளால் நிறைவடைந்தது. திருக்குளம் தூர் வாரியாயிற்று. நந்தவனத்தில் களை எடுத்தாயிற்று. மடைப்பள்ளிச் சுவர் கழுவி வெள்ளையடித்தாயிற்று. இவை பற்றி யாரும் குறை சொல்லவில்லை. உறுப்பினர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: பத்து நாளில் முடித்துத் தருகிறேன் என்ற ஒப்பந்தக்காரரை ஏன் திருப்பி அனுப்பினீர்கள், ஏன் மாதக்கணக்கில் இழுத்தீர்கள் என்பது. மனம் திறந்து பதில் சொல்லிவிடுகிறோம்.

மண்டபத் தூண்களில் தலைமுறை தலைமுறையாக எண்ணெயும் கரிப்புகையும் திருநீறும் சேர்ந்து தார் போல இறுகியிருந்தன. ஒப்பந்தக்காரர் காற்றழுத்த இயந்திரத்தோடு வந்தார். மணலைப் பீய்ச்சி அடித்தால் தூண் புதுசாகிவிடும், மிச்சக் கறைக்கு ஆசிட் போதும் என்றார். உடனே மறுத்துவிடவில்லை. மதிலோரம் கேட்பாரற்றுக் கிடந்த பழைய படிக்கல்லில் முதலில் அடித்துக் காட்டச் சொன்னோம். கல் வெளுத்தது உண்மை. ஆனால் விரலால் தேய்த்தபோது பொடி உதிர்ந்தது. சிற்பி உளியால் இழைத்து மெருகேற்றிய மேல்தோல் போய்விட்டது. அப்படிச் சொரசொரப்பான கல்லில் அடுத்த அழுக்கு இன்னும் வேகமாகப் பிடிக்கும். இதே வேலையை எழுத்துள்ள சுவரில் செய்தால் எழுத்து மழுங்கும், சிலையில் செய்தால் கண்ணும் மூக்கும் தேயும். மணல்வீச்சைக் கோயில்களில் பயன்படுத்தக்கூடாது என்று அறநிலையத்துறை தடுத்திருப்பதும் இதனால்தான்.

அன்று மாலையே வேலையை நிறுத்தினோம். முன்பணம் முழுவதும் தனக்கே என்றார் அவர். கட்டிய சாரத்துக்கும் ஆட்கூலிக்கும் மட்டும் தருவோம் என்றோம். வாசலில் நின்று சத்தம் போட்டதும், மூன்று கூட்டங்களில் பேசிப் பேசிக் களைத்ததும் உங்களில் பலருக்குத் தெரியும். கடைசியில் நாங்கள் சொன்ன கணக்குக்கே ஒத்துக்கொண்டார். ‘வந்தவரை அவமானப்படுத்திவிட்டீர்கள்’ என்று சில பெரியவர்கள் வருத்தப்பட்டார்கள். அவர்மேல் எங்களுக்குக் கோபமில்லை. ஆனால் கல் போனால் போனதுதான்.

அப்புறம் கையால்தான். கருவறையை ஆகம முறைப்படி அர்ச்சகர்களே தூய்மை செய்தார்கள். வெளி மண்டபங்களில் அன்பர்கள் இறங்கினார்கள். எண்ணெய்ப் பிசுக்கின்மேல் பச்சரிசி மாவையும் சீயக்காய்த் தூளையும் பூசி ஊறவைத்து, நார் பிரஷ்ஷால் தேய்த்து, வெந்நீரால் கழுவினோம். கம்பி பிரஷ்ஷை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டோம். ஒரு தூணுக்கே பல நாள் பிடித்தது. விமானத்தில் முளைத்த அரசங்கன்றுகளை வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்பதால், பழகிய கொத்தனாரை வைத்து வேரோடு எடுத்து, அந்த இடுக்குகளைச் சிமெண்டு இல்லாமல் சுண்ணாம்புக் காரையால் அடைத்தோம். செலவு கூடியது தூண்கள், விமானம் ஆகிய இந்த இரண்டு இடத்தில்தான். தெற்குச் சுவரில் வெள்ளைப் பூச்சுக்கு அடியில் எழுத்துகள் தெரிந்ததும் அங்கே கை வைக்காமல் தொல்லியல் துறைக்கு எழுதியிருக்கிறோம்.

‘அழுக்கு போனால் சரி, யார் எடுத்தால் என்ன’ என்று ஒரு உறுப்பினர் கேட்டார். இதற்குத்தான் குழு அழுத்தமாகப் பதில் சொல்ல விரும்புகிறது. சைவத்தில் கோயிலைக் கூட்டுவது பூசைக்கு முந்தைய ஏற்பாடு அன்று, அதுவே பூசை. திருவதிகைக் கோயிலில் திலகவதியார் விடியுமுன் கூட்டி மெழுகி, மலர் கொய்து மாலை தொடுத்தார். அந்த அம்மையாரின் தம்பி, சூலை என்னும் கடும் வயிற்றுநோய் தீர்ந்து திருநாவுக்கரசர் ஆனபின் வாயில் பதிகமும் கையில் உழவாரமுமாகவே ஊர் ஊராகப் போனார். பிறந்தால் புழுவாய்ப் பிறந்தாலும் இறைவன் திருவடி மறவா வரம் கேட்டவர் அவர். புல் செதுக்கும் கருவியை அவர் சிறுமையாக நினைக்கவில்லை. இன்றும் கோயில்களில் அவர் திருமேனியை உழவாரத்தோடுதான் பெரும்பாலும் பார்க்கிறோம். கோயிலை மெழுகுவதற்கென்றே நிலம் விட்டதையும், அதற்குத் திருமெழுக்குப்புறம் என்று பெயர் இருந்ததையும் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஒடிசாவின் பூரி ஜகந்நாதர் கோயிலில் தேர்த் திருவிழாவன்று மன்னர் மரபினரே தங்கத் துடைப்பத்தால் தேரைக் கூட்டுகிறார். குனிந்து தேய்க்கும்போது ‘நான் இன்னார்’ என்ற நினைப்பு கொஞ்சம் கழன்று விழுகிறது. வங்கி அதிகாரியும் பூக்கட்டும் அம்மாவும் ஒரே வாளியில் துணி நனைத்ததை நாங்கள் கண்ணால் பார்த்தோம். அந்தப் பேற்றை இயந்திரத்திடம் கொடுத்துவிடக் கூடாது என்பதுதான் குழுவின் முடிவு.

உபயதாரர்கள் விஷயத்திலும் மனத்தாங்கல் உண்டு. தூணிலோ படியிலோ யார் பெயரையும் வெட்டவில்லை. திருப்புகலூரில் உழவாரம் செய்த இடமெல்லாம் பொன்னும் நவமணியும் கிடக்க, அவற்றைப் பருக்கைக் கற்களோடு சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்தார் அப்பர் எனப்படும் அதே திருநாவுக்கரசர். அவர் பெயரால் செய்யும் பணியில் நம் பெயரைக் கல்லில் தேடுவது முறையாகப் படவில்லை. பெயர்கள் அறிவிப்புப் பலகையில் முழுமையாக உள்ளன. இருந்தாலும் இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை: சீயக்காயும் அரிசிமாவும் முழுக்கத் தந்த மளிகைக்கடை அண்ணாச்சி, தண்ணீர் லாரி அனுப்பிய தம்பிகள், வேட்டித் துணிகளைக் கிழித்துக் கட்டிக் கொடுத்த தையற்கடை அக்கா, வெந்நீர் அடுப்பை விட்டு நகராத ஓய்வுபெற்ற ஆசிரியர், தினமும் மோர் கொண்டுவந்த மேலவீதி மகளிர், சாரத்துக்கு மூங்கில் தந்த தோப்புக்காரர், பெயர் சொல்ல வேண்டாம் என்று உறையைக் கொடுத்துவிட்டுப் போன இருவர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். எல்லோருக்கும் நன்றி.

இனிமேல் தூணடியில் விளக்கேற்ற வேண்டாம், மண்டப நடுவில் விளக்குத்தட்டு வைத்திருக்கிறோம். மிஞ்சிய திருநீற்றைத் தூணில் கொட்டாமல் அதற்கான கிண்ணத்தில் போடுங்கள். மாதத்தின் கடைசி ஞாயிறு காலை உழவாரம் தொடரும். துடைப்பமும் வாளியும் கோயிலிலேயே உண்டு. வரவு செலவுப் புத்தகமும் ரசீதுகளும் அலுவலக அறையில் இருக்கின்றன. மாலைப் பூசைக்குப் பின் யார் வந்து கேட்டாலும் காட்டுவோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு