ஏரிக்கு ஏரி போகிற வழி

அன்புள்ள கண்ணு,

ஜனவரியில் நீயும் உன் சிநேகிதிகள் இரண்டு பேரும் சைக்கிள்களோடு வருகிறீர்கள் என்று சொன்னதிலிருந்து அப்பா தினமும் போனில் மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வழி தேடுகிறார். அவர் போட்ட வழி எனக்கு ஒப்பவில்லை. பாதிக்கு மேல் நெடுஞ்சாலையிலேயே போகிறது, அதிலும் தொப்பூர் கணவாயில் இறங்கி மேட்டூருக்குத் திரும்பச் சொல்கிறார். பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிற வண்டிகளை அடித்துத் தள்ளுகிற இடம் அது. கார் ஓட்டுகிறவர்களே பயந்து போகிற இறக்கத்தில் நீங்கள் சைக்கிளை விடவே கூடாது. அதனால்தான் நான் தனியாக உட்கார்ந்து எழுதுகிறேன். இந்தப் பக்கத்து உள்ரோடுகள் அப்பாவை விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

கான்ஸ்டன்ஸ் ஏரியைச் சுற்றி 270 கிலோமீட்டர், ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து என்று மூன்று நாடு, சைக்கிளுக்கென்றே போட்ட பாதை என்று நீ அனுப்பிய படங்களை எல்லாம் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது. இங்கே ஒரே ஏரியைச் சுற்றி அப்படி முழுசாக வர முடியாது. ஆனால் ஒரு ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குத் தண்ணீர் எப்படிப் போகிறதோ அதை ஒட்டியே ஊர்களும் ரோடும் இருக்கின்றன, அந்த வழியைப் பிடித்துக்கொண்டால் ஏற்றமும் அதிகம் இல்லை, நிழலும் உண்டு. செவிலியர் வேலையில் நான் போய் வந்த வழியெல்லாம் அதுதான். கேரியரில் தடுப்பூசிப் பெட்டியை வைத்து, பழைய டியூபை நீளவாக்கில் கிழித்து இழுத்துக் கட்டுவேன். பெட்டிக்குள் ஐஸ் உருகுவதற்குள் கடைசி ஊரை முடித்தாக வேண்டும். அதனால் எந்த ரோட்டில் வெயில் விழாது, எங்கே கால்வாய்க் கரை மேலேயே மிதித்துப் போய்விடலாம் என்பதெல்லாம் மனப்பாடம்.

சரி, முதல் நாள் கிருஷ்ணகிரி அணையிலிருந்து தொடங்குங்கள். நந்தி மலையில் பிறந்து ஓசூர் வழியாக வருகிற தென்பெண்ணையை மறித்துக் கட்டியது, 1957-ல் காமராஜர் திறந்தது, 52 அடி. உயரத்தைச் சொன்னால் உன் சிநேகிதிகளுக்குச் சின்னதாகத் தோன்றலாம், ஆனால் காலையில் பனி கலைகிற நேரத்தில் பின்னால் மலைகளோடு அந்தத் தண்ணீரைப் பார்க்கட்டும். அணைப் பக்கம் மீன் வறுத்துக் கொடுப்பார்கள், சாப்பிடுங்கள். அப்புறம் ஆற்றோடு காவேரிப்பட்டணம், அங்கே நிப்பட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள். இன்னும் கீழே போனால் நெடுங்கல் தடுப்பணை. அங்கிருந்து பிரிகிற கால்வாய்தான் பாரூர் பெரிய ஏரியை நிரப்புகிறது. மழை ஒழுங்காகப் பெய்த வருஷமாக இருந்தால் நீங்கள் வருகிற சமயம் இரண்டாம் போகத்துக்குக் கால்வாயில் தண்ணீர் ஓடும், நாற்று நடவு நடக்கும். இரண்டு பக்கமும் மாந்தோப்பு, ஜனவரியில் பூ வைக்கத் தொடங்கியிருக்கும். அந்த வாசனைக்குள்ளே மெதுவாக மிதித்துப் போக வேண்டும், விரட்டிக்கொண்டு போனால் ஒன்றும் தெரியாது. பாரூரைச் சுற்றி அரசம்பட்டிப் பக்கம் முழுக்கத் தென்னந்தோப்பு, நாற்றுக்குப் பெயர் போன தென்னை அது. ஏரிக்கரையில் கட்டாயம் ஒரு மணி நேரமாவது இறங்கி இருங்கள்.

இங்கே ஒரு விஷயம், இதை உன் சிநேகிதிகளுக்கும் படித்துக் காட்டு. வழியில் கிடைக்கிற போர் தண்ணீரைப் பாட்டில் பாட்டிலாகக் குடிக்காதீர்கள். நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். எத்தனை பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கோடுகளைப் பார்த்திருக்கிறேன், வயசானவர்கள் முழங்கால் வளைந்து உட்கார முடியாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு நாளில் உங்களுக்கு எதுவும் ஆகிவிடாது, அது வருஷக்கணக்கில் எலும்பில் ஏறுகிற வியாதி. இருந்தாலும் எதைக் குடிக்கிறோம் என்று தெரிந்து குடிக்க வேண்டும். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-லிருந்து காவிரித் தண்ணீர் ஊர் ஊராகப் போகிறது. டீக்கடையில் "ஒகேனக்கல் தண்ணியா, போர் தண்ணியா" என்று கேள், சொல்வார்கள்.

வத்தல்மலைக்கு ஏற வேண்டும் என்று எழுதியிருந்தாய். ஏறலாம், தர்மபுரியில் நம் வீட்டில் தூங்கி எழுந்து காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் மேலே போய்விடலாம். கொண்டை ஊசி வளைவு மட்டும் 24. பைகளை எல்லாம் வீட்டில் வைத்துவிட்டு வெறும் சைக்கிளோடு போங்கள், அங்கே சாமான் சுமந்து ஏறி யாருக்கும் எதையும் காட்ட வேண்டியதில்லை. மேலே சில்வர் ஓக் நிழலில் காப்பி, மிளகு, அதற்கு அப்பால் சாமை போட்ட காடு. பெரியூர், பால்சிலம்பு என்று சின்னச் சின்ன ஊர்கள். ரோடு வருவதற்கு முன்பு பிரசவ வலி எடுத்த பெண்களைத் தூளியில் கட்டித் தூக்கிக்கொண்டு கீழே வந்த மலை அது, அந்த ரோட்டில் நீ சைக்கிளில் ஏறப்போகிறாய் என்பதே எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. இறங்கும்போது பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டே வராதே. விட்டு விட்டுப் பிடி, நாலு வளைவுக்கு ஒரு தடவை நிறுத்தி ரிம்மைத் தொட்டுப் பார், சுட்டால் ஆறவிட்டு இறங்கு. எதிரே பஸ் வந்தால் உட்பக்கம் ஒதுங்கி நின்றுவிடு.

இப்போது நான் வேண்டாம் என்று சொல்லப்போவதைக் கேட்டுக்கொள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாகக் காட்டுக்குள்ளேயே ஒகேனக்கல் போகலாம் என்று நீ ஒரு கோடு போட்டு அனுப்பியிருந்தாயே, அது வேண்டாம் கண்ணு. அந்தக் காடு முழுக்க யானை. வடக்கே காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம், 2014-ல் அறிவித்தது, 504 சதுர கிலோமீட்டர். அதோடு 2022-ல் காவிரி தெற்கு என்று இன்னொன்று, 686 சதுர கிலோமீட்டர். நீங்கள் வருகிற மாசம் நமக்குக் குளுகுளுவென்று இருக்கும், ஆனால் அதே மாசங்களில்தான் கர்நாடகத்துப் பன்னேர்கட்டாக் காட்டுப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ராகிக்காக இறங்கி வரும். கேழ்வரகு அறுத்துப் போர் போட்டிருப்பார்கள், அந்த வாசனைக்கு ராத்திரியில் வந்து விடிகிற நேரத்தில் ரோட்டைத் தாண்டிக் காட்டுக்குத் திரும்பும். காரோ பஸ்ஸோ வந்தால் அதற்குச் சத்தம் கேட்கும், ஒதுங்கும் அல்லது எச்சரிக்கும். சைக்கிள் சத்தமே இல்லாமல் வளைவில் திரும்பி நேராக அதன் முன்னால் போய் நிற்கும். அதுதான் ஆபத்து. காலை வேளையில் காட்டுக்குள் சைக்கிள் ஓட்டுவது உனக்கு அங்கே பழக்கம், இங்கே அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். தளி, தேன்கனிக்கோட்டை அவசியம் பார்க்க வேண்டும் என்றால் வெயில் ஏறிய பிறகு, பஸ் ஓடுகிற மெயின் ரோட்டில், வெயில் தாழ்வதற்குள் ஊருக்குள் வந்துவிடுகிற மாதிரி போங்கள். பஞ்சப்பள்ளி சின்னாறு அணைக்கும் இதே கணக்குதான்.

ஒகேனக்கலுக்குப் பென்னாகரம் வழியாகப் போங்கள். மடம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் காடு, கணவாய் ஆஞ்சநேயர் கோயில் வரைக்கும் இறக்கம் சுகமாக இருக்கும். ஆனால் இறங்கினதை எல்லாம் ஏறித்தான் வெளியே வர வேண்டும், அதனால் திரும்புகையில் சைக்கிளை மினி வேனில் ஏற்றிக்கொண்டு பென்னாகரம் வந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. அந்த ரோட்டிலும் யானை குறுக்கே வரும், பத்து மணிக்கு முன்னால் இறங்காதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த நாள் அதற்கடுத்தது. பென்னாகரத்திலிருந்து ஏரியூர், அங்கிருந்து நாகமரை. அங்கே ரோடு முடிந்து மேட்டூர் அணையின் தண்ணீர் தொடங்குகிறது. 1934-ல் கட்டி முடித்த அணை, 120 அடிக்குத் தேக்கினால் தண்ணீர் இவ்வளவு தூரம் பின்னால் வந்து நிற்கிறது. எதிர்க்கரை பண்ணவாடி, சேலம் மாவட்டம். படகில் ஆளையும் ஏற்றுவார்கள், பைக்கையும் சைக்கிளையும் ஏற்றுவார்கள். கான்ஸ்டன்ஸில் சைக்கிளோடு படகில் ஏறிய படத்தை அனுப்பினாய் அல்லவா, அதைப் பார்த்ததும் எனக்கு இந்தத் துறைதான் நினைவுக்கு வந்தது. தண்ணீர் இறங்கிவிட்ட வருஷங்களில் முழுகிப்போன பழைய ஊரின் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும், அப்போது படகுத்துறையும் உள்ளே தள்ளிப் போய்விடும், வண்டல் மண்ணில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். டெல்டாவுக்குத் தண்ணீர் திறப்பது வழக்கமாக ஜனவரி 28 வரைக்கும் என்பதால் நீங்கள் வரும்போது எவ்வளவு இருக்கும் என்று இப்போதே சொல்ல முடியாது. பண்ணவாடியில் இறங்கிக் கொளத்தூர் வழியாக மேட்டூர் போய்விட்டால் தொப்பூரைத் தொடவே வேண்டாம்.

சாமான் விஷயம் கொஞ்சம். உங்கள் சைக்கிளின் மெலிசான வால்வுக்கு நம் ஊர்க் கடைப் பம்பு பிடிக்காது, கைப்பம்பும் உபரி டியூபும் ஆளுக்கு இரண்டு எடுத்து வாருங்கள். கருவேல முள் ரோட்டோரத்தில் எங்கும் கிடக்கும், சைக்கிளை மண்ணில் இறக்கி நிறுத்துகிற ஒவ்வொரு தடவையும் டயரைக் கையால் தடவிப் பார்க்கச் சொல். கிராமத்துக்குள் போனால் கூட்டம் கூடும், எங்கிருந்து வருகிறீர்கள், கல்யாணம் ஆயிற்றா என்று கேட்பார்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கிலும் கன்னடத்திலும் கேட்பார்கள். நின்று பதில் சொல்லிவிட்டுப் போங்கள், அவசரமாக நகராதீர்கள். யார் வீட்டிலாவது களி கொடுத்தால் மறுக்காதே, மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று சிநேகிதிகளுக்கு முன்னாலேயே சொல்லி வை.

சைக்கிளைப் பெட்டியில் கட்டிக்கொண்டு பெங்களூருவில் இறங்குகிறீர்கள் என்றால் ரயிலிலேயே தர்மபுரிக்கு வந்துவிடுங்கள், கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது. முதல் நாள் அணையிலிருந்து பாரூர் வரைக்கும் நானும் வருகிறேன். என் சைக்கிளுக்கு இரண்டு டயரும் மாற்றச் சொல்லிக் கடையில் விட்டிருக்கிறேன், சீட்டும் மாற்ற வேண்டும், நீ போட்டிருக்கிற சீட்டு மாதிரி ஒன்று கிடைத்தால் எனக்கும் வாங்கி வா. டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல்லு. நாகமரையில் தண்ணீர் எங்கே நிற்கிறது, படகு எத்தனை மணிக்கு என்று நேரில் போய்க் கேட்டு வைக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா