விழுந்தால் தூக்க ஆர் இருக்கினம்?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் வயதுக்காரர் ஊரில் வீட்டைக் கட்டிப் பூட்டி வைத்துவிட்டுத் திரும்பி வர மனமில்லாமல் இருக்கிறார்கள், மண்பற்று போய்விட்டது என்று உங்கள் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்திருந்தது. லண்டன் ஈஸ்ட்ஹாமில், சமையலறை மேசையில் இருந்து நானும் இவரும் அதை இரண்டு தரம் வாசித்தோம். "சரியாத்தானே எழுதியிருக்கினம்" என்றார் இவர். எனக்கு அப்படி விட்டுவிட முடியவில்லை. இரவு நித்திரை வராமல்தான் இதை எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் இருக்கிற கரவெட்டியில் பிறந்தவள். 1989இல் இரண்டு பிள்ளைகளோடு இங்கே வந்தேன். 1992இலிருந்து போன வருடம் வரை ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. இவர் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை பார்த்தவர். இப்போது இருவரும் ஓய்வு. ஊருக்குப் போய் இருப்பதா, இங்கேயே இருப்பதா என்று இரண்டு வருடமாக வீட்டில் இதே கதைதான்.

முதலில் காசுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பிரித்தானியாவின் அரச பென்சன் ஒவ்வொரு ஏப்ரலிலும் கூடும். ஆனால் இலங்கையில் குடியேறிய ஆளுக்கு அது கூடாது. போன நாளில் எவ்வளவோ, சாகும்வரை அவ்வளவுதான். 2016இல் புதிய பென்சன் தொடங்கியபோது முழுத்தொகை கிழமைக்கு 155.65 பவுண். 2025 ஏப்ரலில் அது 230.25 ஆகிவிட்டது. 2016இல் பென்சன் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போனவருக்கு இன்றும் அந்தப் பழைய 155.65தான். இந்தியா, கனடா, அவுஸ்திரேலியா போனவர்களுக்கும் இதே நிலைமை. 2022இல் எங்கள் ரூபா விழுந்தபோது பவுணுக்குக் கூடக் காசு கிடைத்ததால் பலருக்கு இது உறைக்கவில்லை. ஆனால் அரிசி, மருந்து விலையும் சேர்ந்துதானே ஏறியது.

என்னோடு இருபது வருடம் ஒரே ஷிஃப்டில் வேலை செய்த ஜமெய்க்காப் பெண் ஒருத்தி ஓய்வெடுத்துக் கிங்ஸ்டனுக்குப் போய்விட்டாள். அவளுக்கு ஒவ்வொரு ஏப்ரலிலும் கூட்டிக் கொடுக்கிறார்கள். ஜமெய்க்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் ஒப்பந்தம் இருக்கிறதாம், பிலிப்பைன்ஸுக்கும் இருக்கிறது. எங்களுக்கு இல்லை. ஒரே கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று ஒரே ஆளைக் குளிப்பாட்டினோம், ஒரே வரியைக் கட்டினோம். தென்னாபிரிக்கா, கனடா, அவுஸ்திரேலியாவில் வாழும் ஓய்வூதியர் சிலர் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை போய், 2010இல் தோற்றுப்போனார்கள். இனி இது அரசுகள் பேசித் தீர்க்கிற விஷயம். ஊருக்கு வாங்கோ என்று எழுதுகிற நீங்கள் கொழும்பில் இருப்பவர்களிடமும் இதைக் கேட்டு எழுதுங்கள்.

இந்தக் காசுக்காக மட்டும் நான் தயங்கவில்லை. தோட்டமும் கிணறும் இருந்தால் ஊரில் இரண்டு பேர் சமாளித்துக்கொள்ளலாம்.

2024 தை மாதம் மூன்று மாதம் இருந்து பார்ப்போம் என்று போனோம். முதல் மாதம் சொர்க்கம். விடிய முற்றம் கூட்டுகிற சத்தம், பிள்ளையார் கோயில் மணி, ஒழுங்கையில் போகிற எல்லாரும் "எப்ப வந்தனீங்கள்?" என்று கேட்பது. இவருக்கு முழங்கால் நோவு பாதியாகக் குறைந்தது. பிறகு மாசியில் ஒரு நாள் சாமத்தில் எதிர்வீட்டு அத்தை கிணற்றடியில் விழுந்துவிட்டா. 86 வயது. சத்தம் கேட்டு ஓடினேன். எங்கள் ஒழுங்கையில் ஒன்பது வீடு. மூன்று பூட்டிக் கிடக்கிறது. மற்ற வீடுகளில் எழுபதுக்குக் கீழே ஓடியாடக்கூடியவர் நானும், ஒரு ரீச்சரும், இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாயும்தான். ஓட்டோ ஓடுகிற பெடியன் ஒருவன் கால் மணித்தியாலத்தில் வந்து தூக்கினான். அவனைக் கடவுள் என்றுதான் சொல்வேன்.

மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இடுப்பெலும்பு முறிவு. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பி, அங்கே ஒப்பரேசன் செய்தார்கள். ஒரு சதம் கேட்கவில்லை. இந்த இலவச வைத்தியத்தை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறையும். இங்கே லண்டனில், வெளிநாட்டில் குடியேறிவிட்ட ஒருவர் கொஞ்ச நாளுக்கு வந்து நின்று ஆஸ்பத்திரியில் கிடந்தால் காசு கட்ட வேண்டும், எத்தனை வருடம் வரி கட்டியிருந்தாலும்.

கஷ்டம் அத்தை வீட்டுக்கு வந்த பிறகுதான். பிள்ளைகள் இருவர், கனடாவிலும் சுவிஸிலும். காசுக்குக் குறைவில்லை, தரையெல்லாம் பளிங்கு, குளியலறையில் சுடுதண்ணீர். பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஒரு பெண்பிள்ளையைப் பிடித்தார்கள். நல்ல மனம், ஆனால் யாரும் அவளுக்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. கமக்கட்டில் கையைக் கொடுத்து அத்தையை இழுத்துத் தூக்குவாள். அத்தை கத்துவா. பிறகு பயத்தில் திருப்பாமலே விட்டுவிடுவாள். நான் போய்ப் பார்த்தபோது முதுகின் அடியில், நாரி முடிகிற எலும்பில், ஒரு ரூபாய்க் காசளவு சிவப்பு. விரலால் அமத்தினேன், வெளுக்கவில்லை. படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று அந்த நிமிடமே தெரிந்தது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எப்படித் திருப்புவது, குதிக்காலுக்குக் கீழே எப்படித் தலையணை வைப்பது என்று காட்டிக் கொடுத்தேன். பங்குனியில் எங்கள் ரிக்கெற் நாள் வந்துவிட்டது. வைகாசியில் அத்தை போய்விட்டா. செத்தவீட்டை நான் போனில்தான் பார்த்தேன், அவவின் பிள்ளைகளைப் போலவே.

அதற்காக லண்டனில் எல்லாம் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் இருந்தார், இங்கே நாற்பது வருடம் கணக்காளராக இருந்தவர். மறதி நோய் வந்து ஆங்கிலம் முழுதும் போய்விட்டது. தமிழ் மட்டும் மிஞ்சியது. "கஞ்சி, கஞ்சி" என்று கேட்பார். கத்துகிறார் என்று எழுதி வைப்பார்கள். என் லீவு நாளில் கூப்பிடுவார்கள், போய் யன்னலோரத்தில் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து கதைப்பேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, பஸ் போயிட்டுதோ?" என்று கேட்பார். எந்த பஸ் என்று கேட்டால் 750 என்பார். யாழ்ப்பாணத்துக்கும் பருத்தித்துறைக்கும் ஓடுகிற பஸ். எனக்கும் அந்த நோய் வந்தால் எந்த யன்னலோரத்தில் இருந்து எந்த பஸ்ஸைக் கேட்பேன் என்று அன்றிலிருந்து ஒரு பயம்.

அதனால்தான் ஊர் வேண்டும் என்கிறார் இவர். எனக்கும் வேண்டும். ஆனால் என்னைத் திருப்பிப் படுக்க வைக்கத் தெரிந்த ஒரு கையாவது அங்கே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊரும் அந்த ஐயாவின் யன்னலைப் போலத்தான்.

இப்போதைக்கு நாங்கள் எடுத்த முடிவு இது. வதிவிடத்தை லண்டனில் வைத்துக்கொண்டு, மழை விட்டதும் தையில் வந்து சித்திரை வரை கரவெட்டியில் இருப்பது. பென்சனும் வைத்தியமும் கையை விட்டுப் போகாது. இவருக்கு இது அரைமனம்தான். எண்பது வயதில் இப்படிப் பறக்க முடியாது என்கிறார். அதுவும் உண்மை.

வெளிநாட்டுக் காசில் கோயிலுக்குக் கோபுரம் எழும்புகிறது, பள்ளிக்கூடங்களுக்கு மண்டபம் எழும்புகிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை. வடமராட்சியில் வயதானவர்களைப் பார்க்கப் பழக்கிய ஐம்பது பேர், அவர்களுக்கு ஒழுங்கான சம்பளம், சாமத்தில் போன் எடுத்தால் வருகிற ஒரு குழு. இதற்கும் எங்களிடம் காசு கேளுங்கள். தருவதற்கு நிறையப் பேர் இருக்கிறோம். எங்களுக்கு மட்டுமல்ல, வெளிநாட்டில் பிள்ளைகள் இல்லாத, ஓட்டோவுக்கும் காசில்லாத கிழவிகளுக்கும் அது வேண்டும்.

வருகிற தை, மாசி, பங்குனி நான் கரவெட்டியில் இருப்பேன். எங்கள் விறாந்தையில் ஒரு கட்டில் போட இடம் இருக்கிறது. படுத்திருப்பவரை நகர்த்துகிற வழுக்குத் துணியும், பிடித்து எழுப்புகிற இடுப்புப் பட்டியும் இங்கிருந்து கொண்டு வருவேன். நாரி முறியாமல் ஆளைத் தூக்குவது, திருப்புவது, விழுங்கக் கஷ்டப்படுகிறவருக்கு நிமிர்த்தி வைத்துக் கஞ்சி பருக்குவது, 33 வருடம் செய்ததைச் சொல்லித் தருவேன். பெண்பிள்ளைகளோ பெடியளோ, யாரும் வரலாம். காசு வேண்டாம். விருப்பமானவர்கள் பத்திரிகை அலுவலகத்தில் பெயர் கொடுத்தால் எனக்கு அறிவிப்பீர்களா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பராமரிப்பாளர் ஒருவர்,
கரவெட்டி, தற்போது ஈஸ்ட்ஹாம், லண்டன்.